குதிரை மட்டும் நன்றாக விழுந்திருந்தது

இரண்டு கேமராக்களையும் கட்டில்மேல் வைத்துவிட்டு எதைக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று டி.எஸ்.எல்.ஆர். என்கிற பெரிய கேமரா. வாங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கைப்பிடி ரப்பர் பிய்ந்து, நான் பசை போட்டு ஒட்டி, மறுபடி பிய்ந்திருந்தது. லென்ஸைப் பொருத்தினால் கழுத்தை இழுக்கும். இன்னொன்று சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற சின்ன கேமரா. சிவப்பு நிறம். போன வருடம் மனைவி தனக்காக வாங்கியது.

"சின்னதையே எடுத்துட்டுப் போங்க. அது யாரு அமுக்குனாலும் நல்லா விழுகுது" என்றாள் மனைவி.

"நான் இருக்கறப்ப வேற யாரு அமுக்கப் போறாங்க? தாய்மாமன் சோப்பு டப்பாவத் தூக்கிட்டுப் போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

கோயம்புத்தூரில் எனக்கு மோட்டார் உதிரிபாகக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராக்காரர்கள் சிலரோடு சேர்ந்து குளக்கரையில் பறவை பார்க்கப் போவேன். அதைத் தவிர எனக்கு வேறு பெருமை கிடையாது. என் தங்கை கவிதா சிதம்பரத்தில் படித்தபோது கடலூர்ப் பையன் பிரபுவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவள். பிரபு முன்பு சிப்காட்டில் வேலை பார்த்தான். இப்போது மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். குழந்தை பிறந்ததும் முகம் பார்த்துவிட்டுப் போனவனுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. அந்தக் குழந்தை யாழினிக்குத்தான் மொட்டையும் காதுகுத்தும். என் மகளுக்குப் பரீட்சை என்பதால் மனைவி வரவில்லை. நான் தனியாகக் கிளம்பினேன், பெரிய கேமராவோடு.

கடலூருக்கு முன்பே சிதம்பரத்தில் இறங்கிவிட்டேன். காலை வெயிலில் கோபுரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஆசை. ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோவின் டிரைவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார் எந்த டிவி?"

"டிவி இல்லீங்க."

"பேப்பரா?"

நான் தலையை ஒரு மாதிரி அசைத்தேன். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, தங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டிருப்பதை வழி முழுக்கச் சொன்னார். போட்டோ எடுத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். போடுகிறேன் என்று சொல்லி இறங்கினேன். அந்தப் பயணத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டிய முதல் இடம் அது. அப்போது படவில்லை.

கோபுரத்தை வேண்டுமட்டும் எடுத்தேன். சைக்கிளில் போனவர்கள் எனக்காக நின்று, நான் எடுத்து முடித்ததும் போனார்கள். எங்கள் ஊரில் ஏனுங்க, வாங்க என்று ஆயிரம் 'ங்க' போடுவோமே தவிர, படம் எடுக்கிறவனுக்காக வண்டியை நிறுத்த மாட்டோம். இங்கே பேச்சு கொஞ்சம் முரடாகக் கேட்கிறது, ஆனால் ஆட்கள் நின்று வழிவிடுகிறார்கள்.

கோயிலுக்குள் நுழையும்போது, படம் எடுக்கக் கூடாது, கேமராவை வெளியே வைத்துவிட்டு வாருங்கள் என்று ஒருவர் தன்மையாகச் சொன்னார். எங்கே வைப்பது? வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நீட்டினார்.

"இங்க குடுத்துட்டுப் போ சார். சாமி பாத்துட்டு வர வரைக்கும் நான் எங்க ஓடப் போறேன்?"

எனக்கு மனசு வரவில்லை. "பரவாயில்லீங்க" என்றேன். அவர் மறுபடி பூவை எடுத்துக்கொண்டார். சிதம்பரம் வரை வந்து நடராஜரைப் பார்க்காமல் திரும்பியவன் நான். கழுத்தில் தொங்கியதற்குக் காவல் இருந்தேன். சின்ன கேமராவாக இருந்திருந்தால் பைக்குள் போட்டு அந்த அம்மாவிடம் யோசிக்காமல் கொடுத்திருப்பேன்.

பசிக்கு ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சாம்பாரிலேயே பிறந்து வளர்ந்த நாக்குக்கு அது புதுசு. கத்தரிக்காய் குழைந்து, புளி முன்னால் நின்று, காரம் பின்னால் வந்தது. நான் அதைப் படமெடுக்கத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். பரிமாறிய பெண், "ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காது, சாப்டுங்க" என்றார். பக்கத்து மேஜைப் பெரியவர் தன் கூட்டாளியிடம், "கொத்சுக்குக்கூட ஜாதகம் எழுதறாங்கப்பா" என்று சொன்னது காதில் விழுந்தது. ஆறிய பிறகுதான் சாப்பிட்டேன். அப்படியும் நன்றாக இருந்தது.

கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போனேன். லென்ஸ் முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால், பிரேக் போடும்போதெல்லாம் உட்கார்ந்திருந்த ஒருவரின் தலையில் இடித்தது. இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை, "இன்னா சார், இத மடியில வெச்சிக்கிறேன் குடு" என்று வாங்கி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார். சிப்காட் அருகே ஷிப்ட் முடிந்த கூட்டம் ஏறியதும் எனக்கும் அவருக்கும் நடுவே பத்துப் பேர் வந்துவிட்டார்கள். அவர் இறங்கிவிடுவாரோ என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடலூரில் எனக்காகக் காத்திருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

தங்கை பேச்சே கடலூர்ப் பேச்சாக மாறிவிட்டது. "அவுங்க மஸ்கட்லேர்ந்து நேத்தே போன் பண்ணிட்டாங்கண்ணா. ஒன்னோட கேமராவப் பத்தித்தான் பேச்சு. போட்டோகிராபர வேணாம்னு சொல்லிட்டோம்" என்றாள். அவள் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சங்கரா மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாமன் வீட்டுக் கேமராவே இவ்ளோ பெருசா இருக்கசொல்ல, வெளியாள் எதுக்கு?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.

துணிப்பையைத் திறந்தபோது வேட்டி மடிப்புக்குள் சிவப்பு கேமரா இருந்தது. மனைவி சொருகி வைத்திருக்கிறாள். என்மேல் அவ்வளவுதான் நம்பிக்கையா என்று எரிச்சலாக வந்தது. அதை மறுபடி வேட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்தேன்.

மறுநாள் குலதெய்வம் கோயில். அண்ணாகிராமம் போகிற வழியில், முந்திரித் தோப்புக்கு நடுவில் அய்யனார். வேனில் போகும்போது வழி நெடுக ரோட்டோரத்தில் பலாப்பழம் குவித்திருந்தார்கள். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிற பலா இங்கிருந்துதான் வருகிறது என்று அத்தை சொன்னார். நான் காது கொடுக்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழும், எங்கே மண்டியிட்டால் குழந்தையின் முகமும் பின்னால் இருக்கும் சுடுமண் குதிரையும் சேர்ந்து வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மொட்டை நன்றாக விழுந்தது. அதை எடுத்தது நான். தலையில் சந்தனம் பூசி முடித்ததும், ஆசாரி சின்னத் தட்டில் தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். நான் எதிரே, திட்டமிட்ட இடத்தில், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித் தயாரானேன். குதிரையின் கண்ணைப் பிடித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

"தாய்மாமன் எங்க? வந்து உக்காருங்க. புள்ளைய மடியில வாங்கணும்ல" என்றார் ஆசாரி.

நான் அப்படியே மண்டியிட்டிருந்தேன். காதுகுத்தில் குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தாய்மாமன் மடியில் குழந்தை இருந்தால் தாய்மாமன் கையில் கேமரா இருக்க முடியாது. போட்டோகிராபரை வேண்டாம் என்ற தங்கைக்கும் இது தோன்றவில்லை, பெருமைப்பட்ட அத்தைக்கும் தோன்றவில்லை, கோணம் கணக்குப் போட்டபடி வேனில் வந்த எனக்கும் தோன்றவில்லை. ஒரு குடும்பமே சேர்ந்து கோட்டை விட்டது.

பிரபுவின் சித்தப்பா பையன் சதீஷ் பக்கத்தில் நின்றான். சிப்காட்டில் எலக்ட்ரீசியன். "போன்லயே எடுத்துர்றேன் மாமா. என் போன் நல்லா எடுக்கும்" என்றான்.

அப்போது சரி என்றிருக்கலாம். பைக்குள் சிவப்பு கேமரா இருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் பெரிய கேமராவை அவன் கழுத்தில் மாட்டினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாக் கேமராவிலும் கிளிக் பட்டனை அழுத்தினால் அதுவே ஃபோக்கஸ் செய்துகொண்டு படத்தை எடுக்கும். கைதேர்ந்தவர்கள் சிலர் அந்த ஃபோக்கஸ் வேலையைப் பின்பக்கத்தில் இருக்கும் வேறொரு பட்டனுக்கு மாற்றிக்கொள்வார்கள். கட்டைவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் கிளிக் செய்ய வேண்டும். பறவைக்கு அது வசதி. எனக்கு அது வசதி என்பதைவிட, அப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது பிடிக்கும். சதீஷிடம் ஒரு முறை காட்டினேன். அவன் தலையாட்டினான்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் போனைத் தூக்கியிருந்தார்கள். "போன் எல்லாம் கீழ எறக்குங்க, படத்துக்குள்ள கை கையா வருது" என்றேன். இறக்கினார்கள். தங்கை கையில் மட்டும் போன் இருந்தது. வீடியோ காலில் பிரபு. வேலைக்கு நடுவில் கிரேனிலிருந்து இறங்கி, தலையில் ஹெல்மெட்டோடு, எங்கோ ஒரு கன்டெய்னர் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதையும் எறக்கு கவிதா. மறைக்குது. மாப்ளே, நான் நல்ல படமா அனுப்பறேன்."

"சரி மச்சான். நீங்க எடுத்தா நல்லா இருக்கும்" என்றான் பிரபு. கவிதா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், கட் செய்தாள்.

குழந்தை என் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி குனிந்தார். நான் சதீஷின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கட்டைவிரல் பின்பக்கப் பட்டனில் இல்லை. "பின்னாடி பட்டன், பின்னாடி" என்றேன். அவன் வேறு எதையோ அழுத்தினான். "அதில்ல, அதுக்கு மேல, வலது பக்கம்" என்று கத்தினேன். கிளிக் கிளிக் என்று சத்தம் வந்துகொண்டேயிருந்தது. குழந்தை வீறிட்டது. யாரோ வாழைப்பழத்தை நீட்டினார்கள். "ஆச்சு, புள்ளைய எடுத்துக்குங்க" என்றார் ஆசாரி. எல்லாம் முடிந்திருந்தது.

கிடா விருந்து. வாழையிலையில் சோறும் குழம்பும் பச்சை முந்திரிப் பொரியலும். பச்சை முந்திரியை அதுவரை நான் தின்றதில்லை. பால் பிடித்த பருப்பு, பல்லில் பட்டதும் கரைகிறது. இரண்டாவது வாய்க்கு நடுவே இடக்கையால் கேமராவைத் திருப்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன்பிறகு என்ன தின்றேன் என்று தெரியாது.

ஒவ்வொரு படத்திலும் பின்னால் நின்ற குதிரையின் கண், மூக்கு, கழுத்து மணி எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. முன்னால் நாங்கள் ஆவி பிடித்த கண்ணாடி வழியே தெரிகிற ஆட்களைப் போல இருந்தோம். நான் கடைசியாக ஃபோக்கஸ் செய்தது குதிரையின் கண்ணில். அது அங்கேயே நின்றுவிட்டது. குழந்தையின் முகம் சந்தன நிறத்தில் ஒரு உருண்டை.

சதீஷ் பக்கத்தில் வந்து, "நல்லா வந்துருக்கா மாமா? கை நடுங்கிருச்சு" என்றான். "ம்" என்றேன். அவனுடைய தப்பு என்று ஒரு நிமிடம் நினைத்தும் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் கூசுகிறது.

அன்று மாலை பிரபு இரண்டு முறை கேட்டுவிட்டான். கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொன்னேன். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். கடலூரில் ஸ்டுடியோ இல்லாமல் இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டுடியோக்காரர் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்.

"குதிரைய எடுத்தீங்களா சார்?"

"குழந்தைங்க."

"ஓ" என்றார். மவுஸை நகர்த்திக்கொண்டே, "இப்பல்லாம் கம்ப்யூட்டரே முகத்தக் கிளியர் பண்ணிக் குடுக்குது. போட்டுப் பாக்கலாம்" என்றார். போட்டார். முகம் கூர்மையாக வந்தது. அழகான குழந்தை. ஆனால் யாழினி இல்லை. எங்கள் குழந்தைக்கு முன்னால் இரண்டு பல்தான் முளைத்திருக்கிறது. படத்தில் வரிசையாக ஒரு வாய்ப் பல். அழுகிற வாயைக் கம்ப்யூட்டர் சிரிப்பாக நினைத்துவிட்டது.

"இத அனுப்பவா?" என்றார்.

"வேண்டாங்க" என்றேன்.

"அப்ப வீட்ல உக்கார வெச்சு இன்னொரு வாட்டி எடுத்துருங்க சார். தாலி கட்டுறதையே ரெண்டாந்தடவ கட்டச் சொல்லி எடுக்கறவங்க ஜாஸ்தி. இதுல ஒண்ணும் இல்ல."

கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். கையில் கேமரா இருந்தாலும் இப்போது பூக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் நேராக பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்தாள். "அவுங்க கேட்டா நான் இன்னான்னு சொல்றதுண்ணா?" என்றாள். அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் சொன்ன யோசனையை எடுத்துவிட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆசாரிக்குப் போன் செய்தாள்.

மறுநாள் கொல்லையில், வேப்பமரத்தடியில், அதே பாய். சட்டை வேட்டி எல்லாம் அதே. குழந்தையின் தலையில் புதுச் சந்தனம். சதீஷ் கையில் இந்த முறை சிவப்பு கேமரா. ஆசாரி வெறும் கையைக் காதருகே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அவர் கொல்லைப்பக்கம் தலைகாட்டியதுமே குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. அதற்கு ஆளை ஞாபகம் இருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. சதீஷ் ஒரு பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தினான்.

"இவ்ளோதானா மாமா?" என்றான்.

"போதும் சார், பாவம் புள்ள" என்று ஆசாரி எழுந்துவிட்டார். அத்தை குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே உள்ளே போனார்.

படம் பளிச்சென்று இருந்தது. கண்ணீர்த் துளிகூடத் தெளிவு. பிரபுவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சூப்பர் மச்சான். பெரிய கேமரா பெரிய கேமராதான்."

அன்றிரவு ரயிலுக்குப் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான். தூரத்தில் இருக்கிறவன் படத்தை விரலால் விரித்து விரித்துத்தான் பார்ப்பான். அது எனக்குத் தோன்றவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கலாமா? ஆசாரி இப்பத்தான் குத்தப் போறாரு. அவரு வெரலுக்கு நடுவுல பாத்தா பாப்பா காதுல கம்பி மின்னுது. அந்தப் பக்கம் காதுலயும் இருக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். குதிரையை, பின்பக்கப் பட்டனை, குழந்தையை இரண்டாம் முறை அழ வைத்ததை. வீடியோ காலைக் கட் செய்யச் சொன்னது என் புத்திகெட்டதனம் என்றும் சொன்னேன். காது மடல் சுட்டது. கவிதா கதவோரமாக நின்றிருந்தாள்.

அந்தப் பக்கம் இரும்பு உரசுகிற சத்தத்தைவிட்டு அவன் தள்ளிப் போவது கேட்டது.

"சரி, வுடுங்க மச்சான்" என்றான் பிரபு. குரலில் கோபம் இல்லை. "போட்டோ இல்லன்னா இன்னா. மடியில வெச்சிருந்தது நீங்கதான? நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன். மொத காது குத்தசொல்லவே அழுதுட்டாளா? இல்ல முழிச்சு முழிச்சுப் பாத்துட்டு ரெண்டாவது காதுக்குத்தான் அழுதாளா?"

நான் யோசித்தேன். சதீஷின் கட்டைவிரல் எங்கே இருந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேமரா வார் அவன் கழுத்தில் எப்படி முறுக்கிக்கொண்டிருந்தது என்றும் சொல்லியிருப்பேன். என் மடியில் இருந்த முகம் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. வருவதற்கு அது உள்ளே போயிருக்கவே இல்லை.

"ஹலோ மச்சான், கேக்குதா?"

"கேக்குதுங்க மாப்ளே" என்றேன். "நான் பாக்கலீங்க."